ரங்கூன் பணத்தில் எழுந்த வீடு



"டீச்சர், வீட்டு வேலை முடிஞ்சதா?" என்று கேட்காத ஆளில்லை. தனித்தனியாகப் பதில் சொல்லி மாளவில்லை. அதனால் மொத்தமாக ஒரே பதிவு. நீளமாகத்தான் இருக்கும். முன்பு நாற்பது நிமிடப் பாடவேளை முழுக்கப் பொறுமையாக உட்கார்ந்தவர்கள்தானே நீங்கள், இதையும் பொறுத்துக்கொள்வீர்கள்.

34 ஆண்டு வேலை பார்த்தேன். அதில் ஒன்பது வாடகை வீடு. ஓய்வுபெற்ற பணம் கைக்கு வந்ததும் தேவகோட்டையில் ஐந்தரை செண்டில் ஒரு பழைய வீட்டை வாங்கினேன். பத்திரப்பதிவன்றே என் தம்பி, "அக்கா, இந்த வயசுல இந்தப் பாழடைஞ்ச வீடு உனக்கு எதுக்கு?" என்று சண்டை போட்டான். அழைத்து வந்த இன்ஜினியர் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "இடிச்சிட்டுப் புதுசாக் கட்டிருங்க மேடம். மரத்தை வித்தாலே பாதிச் செலவு வந்துரும்" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. பின்கட்டில் ஓடு சரிந்திருந்தது, மட்டப்பாவில் ஆலங்கன்று முளைத்திருந்தது, முற்றத்தைச் சுற்றி இடுப்பளவுக்குச் சுவர் உப்புப் பூத்து உதிர்ந்துகொண்டிருந்தது.

நான் இடிக்காததற்குக் காரணம் மூலப்பத்திரம்தான். விற்றவர்கள் கொடுத்த காகிதக் கட்டில் அடியில் இருந்தது, 1926ஆம் வருடத்துப் பத்திரம். மனையை வாங்கியவரின் விலாசம் "ரங்கூன் மொகல் தெரு" என்று இருந்தது. தொழில், செட்டியார் ஒருவரின் கிட்டங்கியில் அடுத்தாள். அதைப் படித்ததும் எனக்குள் இருந்த சமூக அறிவியல் வாத்தியார் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

நம் பக்கத்துப் பெரிய வீடுகளைப் பார்க்க இப்போது வெளிநாட்டுக்காரர்கள் வருகிறார்கள். என்னுடையது அந்த வகையல்ல. ஒரு தெருவிலிருந்து மறு தெருவரை நீளும் மாளிகையைக் கட்டியவர் முதலாளி. இது அவருடைய கடையில் கணக்கெழுதியவர் கட்டிய வீடு. ரங்கூன் கடைகளில் ஏஜண்ட், அவருக்கு அடுத்து அடுத்தாள், அதற்கும் கீழே பெட்டியடிப் பையன் என்று வரிசை உண்டு. பெரும்பாலும் மூன்று வருடத் தவணை. கணக்கு முடித்து ஊர் திரும்பி, சில மாதம் இருந்துவிட்டு மறுபடி கப்பல் ஏறுவார்கள். அப்படிப் போய்வந்த ஒருவர் சிறுகச் சிறுகச் சேர்த்துக் கட்டிய வீடு என்பது அதன் உடம்பிலேயே தெரிகிறது. முகப்பில் நான்கு தூணும் பர்மாத் தேக்கு. முற்றத்தைச் சுற்றி இரண்டு பக்கம் தேக்கு, மற்ற இரண்டு பக்கம் வேம்பு. பணம் எங்கே தீர்ந்தது என்று தூணைப் பார்த்தே சொல்லிவிடலாம்!

அந்தத் தேக்குக்கு ஒரு பெரிய கதை உண்டு. வகுப்பில் மூன்றாம் ஆங்கிலேய-பர்மியப் போர் என்று ஒரே வரியில் கடந்திருப்போம். 1885இல் நடந்த அந்தப் போருக்குச் சாக்காக அமைந்தது தேக்கு மரம். பம்பாய் பர்மா வர்த்தகக் கழகம் என்ற ஆங்கிலேயக் கம்பெனி, கணக்கில் காட்டாமல் மரம் எடுத்தது என்று மாண்டலே அரசவை 23 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. அதைக் காரணமாக்கி ஆங்கிலேயர் படையெடுத்தார்கள். இரண்டே வாரத்தில் திபா மன்னர் சிறைபட்டார். சில மாதம் நம் சென்னையில் வைத்திருந்து, பிறகு இரத்தினகிரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கேயே 1916இல் இறந்தார். 1886 முதல் நாளில் மேல் பர்மாவும் ஆங்கிலேயருடையதாயிற்று. காட்டுக் கதவு முழுசாகத் திறந்தது.

பச்சைத் தேக்கு தண்ணீரில் மிதக்காது. அதனால் மரம் நிற்கும்போதே அடியில் சுற்றிலும் பட்டையைச் செதுக்கிவிட்டு, மூன்று வருடம்போல் நின்றபடியே காய விடுவார்கள். பிறகு வெட்டி, யானையை வைத்து ஓடைக்கு இழுத்து, ஐராவதி ஆற்றில் கட்டுமரம்போலப் பிணைத்து ரங்கூனுக்கு மிதக்க விடுவார்கள். யாருடைய மரம் என்று தெரிவதற்காகக் கட்டையின் முனையில் சுத்தியலால் முத்திரை அடிப்பது வழக்கம். என் வீட்டில் ஓர் உத்திரத்தின் முனையைச் சுவரிலிருந்து விடுவித்தபோது அப்படி ஒன்று தெரிந்தது. ஒரு வட்டம், அதற்குள் தேய்ந்துபோன ஓர் ஆங்கில எழுத்து. கொத்தனார் பையன்கள் அதைச் சுற்றி நின்று செல்போனில் படம் எடுத்தார்கள்.

பின்கட்டு ஓடும் பாடம் நடத்தியது. மங்களூர் ஓடு என்கிறோம் அல்லவா, அதை 1865இல் அங்கே தொடங்கியது பாசல் மிஷன். பிளெப்ஸ்ட் என்ற ஜெர்மானியர் நேத்ராவதி ஆற்றுக் களிமண்ணில் சுட்ட ஓடு அது. முதல் உலகப் போர் வந்ததும் ஜெர்மன் தொடர்பு என்று சொல்லி அவர்களுடைய ஆலைகளை ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டார்கள். பிறகு அவை காமன்வெல்த் டிரஸ்ட் என்ற கம்பெனிக்குப் போயின. என் வீட்டு ஓட்டைக் கழுவிப் பார்த்தால் காமன்வெல்த், ஃபரோக் என்று அச்சு. ஆக இது போருக்குப் பிந்தைய கோழிக்கோட்டுப் பக்கத்து ஓடு. பத்திரத்து வருடத்தோடு சரியாகப் பொருந்துகிறது. உடையாத ஓடு 600 தேறியது. அதையே திருப்பி வேய்ந்தோம்.

இனி என் தவறு. மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

உப்புப் பூத்த சுவரைப் பார்த்ததும் பயந்துபோய், முதல் மாதமே ஒரு கான்ட்ராக்டரை வைத்துக் கிழக்கு அறை முழுக்க சிமெண்ட் பூசினேன். 85 ஆயிரம் ரூபாய். பார்க்க வழவழவென்று இருந்தது. ஐப்பசி மழை முடிவதற்குள் பூச்சு உப்பி, தட்டினால் டொக் டொக் என்றது. தையில் பாளம் பாளமாக விழுந்துவிட்டது. கான்ட்ராக்டர் அதன்பின் போனை எடுக்கவில்லை.

அப்போதுதான் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒருவன் வந்தான். இப்போது கொத்தனார். தன் மாமனாரையும் கூட்டி வந்திருந்தான். அவருக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். சுவரை உள்ளங்கையால் தடவிப் பார்த்துவிட்டு, "இது சுண்ணாம்புச் சொவரு தாயி. மூச்சு விடுற சொவத்துக்கு வாயக் கட்டிப்புட்டீங்க" என்றார்.

அவர் சொன்னதை நான் உங்களுக்கு அறிவியலாகச் சொல்கிறேன். பழைய சுவரில் கீழிருந்து ஈரம் ஏறும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். சிமெண்ட் விடாது. ஈரம் உள்ளேயே தங்கி, உப்பும் அங்கேயே படிந்து, பூச்சைப் பின்னாலிருந்து தள்ளும். சிமெண்ட் கெட்ட பொருள் என்று நான் சொல்லவில்லை. இந்தச் சுவர் அதற்காகக் கட்டியதில்லை, அவ்வளவுதான். இந்தியாவில் போர்பந்தரில் சிமெண்ட் ஆலை உற்பத்தி தொடங்கியதே 1914இல். நம் பக்கம் மதுக்கரை ஆலை 1934இல், டால்மியாபுரம் 1939இல். இந்த வீடு எழுந்தபோது சாதாரணக் குடும்பத்துக்குத் தெரிந்ததெல்லாம் காளவாய்ச் சுண்ணாம்புதான்.

ஞாபகம் இருக்கிறதா, சுண்ணாம்புத் தெளிநீரில் உறிஞ்சுகுழலை வைத்து உங்களை ஊதச் சொல்வேன், தண்ணீர் பால்போல மாறும்? (ஒருவன் உறிஞ்சிவிட்டு அழுததும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. பெயர் சொல்லமாட்டேன்.) சுவரில் நடப்பதும் அதேதான். கல்லைச் சுட்டால் கரியமில வாயு போய்விடும். தண்ணீர் ஊற்றினால் நீறும். சுவரில் பூசியதும் காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல எடுத்துக்கொண்டு மறுபடி கல்லாகிவிடும். அதற்கு மாதக்கணக்கில், சமயத்தில் வருடக்கணக்கில் ஆகும். அவசரக்காரர்களுக்கு அது ஒத்துவராது. நானும் அவசரக்காரியாகத்தான் இருந்தேன்.

சிமெண்டை முழுக்கக் கொத்தி எடுத்தோம். வீட்டுக் கொல்லையிலேயே குழி வெட்டிச் சுண்ணாம்பை நீற்றிப் போட்டார் பெரியவர். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீரின் வாடை தெருமுனைவரை வந்தது. பக்கத்து வீட்டு அத்தாச்சி, "வீடு கட்டுறியா, லேகியம் கிண்டுறியா?" என்று கேட்டார்.

மட்டப்பாதான் பெரிய வேலை. புத்தகத்தில் இதை மெட்ராஸ் டெரஸ் என்பார்கள். தேக்குச் சட்டங்களை நெருக்கமாகப் போட்டு, அவற்றின்மேல் சின்னச் செங்கலைக் குத்தவைத்துக் குறுக்குச் சாய்வாகக் காரையில் அடுக்க வேண்டும். கம்பி கிடையாது, பலகை கிடையாது. மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, மரக்கட்டையால் நாள்கணக்கில் அடிக்க வேண்டும். அதற்கு மேல் தட்டோடு. எங்கள் மட்டப்பாவில் ஏழு சட்டம் கரையானுக்கும் ஈரத்துக்கும் போய்விட்டது. ஏழு பழைய தேக்குச் சட்டம், சின்னச் செங்கல், ஆள்கூலி என்று பெரியவர் கணக்குப் போட்டுச் சொன்னபோது என் கையில் அதில் பாதிகூட இல்லை.

அந்த வாரம்தான் பழைய மரம் வாங்கும் வியாபாரி ஒருவர் வந்தார். இரண்டாம் கட்டு நிலைக்கதவைக் காட்டி மூன்று லட்சம் என்றார். மேலே கஜலட்சுமி, இரண்டு பக்கமும் கிளிகள், கீழே ஒரு கிளியின் மூக்கு உடைந்திருக்கும். நான் இரண்டு நாள் தூங்கவில்லை. மகனிடம் கேட்டால் அனுப்பியிருப்பான். அவன் வீட்டுக் கடன் தவணை எனக்குத் தெரியும், கேட்கவில்லை. விற்றுவிட்டேன். ஏதோ சொகுசு விடுதிக்குப் போவதாகச் சொன்னார்கள். அந்த இடத்தில் இப்போது சாதாரண வேப்பமரக் கதவு இருக்கிறது. மட்டப்பா ஒழுகவில்லை.

வீட்டுக்காரருக்கு என்ன ஆயிற்று என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1930 வாக்கில் உலகம் முழுதும் விலை வீழ்ந்தது. நெல் விலையும் சரிந்தது. பர்மிய விவசாயியால் கடனைக் கட்ட முடியவில்லை. நிலம் செட்டியார் கடைகளுக்கு வந்து சேர்ந்தது. கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் சுமார் 6 சதவீத நிலம் அவர்கள் கையில் இருந்தது. எட்டே ஆண்டில் அது கால்பங்கானது. நிலம் போனவன் மனசு எப்படி இருக்கும்? நம் பக்கத்துப் பெருமையைப் பேசுகிறவர்கள் இந்தக் கணக்கையும் சேர்த்துப் பேச வேண்டும் என்பது என் கருத்து. நம் முற்றத்துத் தூணுக்குப் பின்னால் எங்கோ ஒரு பர்மியக் குடும்பத்தின் வயலும் இருக்கிறது.

1941 டிசம்பர் 23, ரங்கூன்மேல் ஜப்பான் குண்டு விழுந்தது. மார்ச்சில் நகரம் வீழ்ந்தது. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் அரக்கான் வழியாகவும், தமு வழியே மணிப்பூருக்கும் வந்தார்கள். பெரும்பாலோர் நடந்துதான். பல்லாயிரம் பேர் வழியிலேயே செத்தார்கள். வீட்டுக்காரர் ஒரு தகரப் பெட்டியோடு வந்து சேர்ந்தார். அப்புறம் கப்பல் ஏறவேயில்லை. 1948இல் பர்மா விடுதலை பெற்று நிலங்களை நாட்டுடைமையாக்கியபின் முதலாளி கடையே இல்லை.

உறவுகளுக்கு மட்டும் ஒரு வார்த்தை. நம் பெரிய தாத்தாவும் ரங்கூனில் அரிசி ஆலைக் கூலியாக இருந்தவர்தான். அவரும் நடக்கத் தொடங்கினார் என்று ஊர்க்காரர் ஒருவர் சொன்னதோடு சரி. இறந்த நாள் தெரியாததால் அப்பத்தா தை அமாவாசையில்தான் அவருக்குப் படைக்கும். அவர் அனுப்பிய பணத்தில் நம் வீட்டுக் கூரைக்குக் கீற்றுதான் மாறியது, தூண் வரவில்லை. இந்தத் திண்ணையில் முதல்முறை உட்கார்ந்தபோது எனக்கு அந்த நினைப்புத்தான் வந்தது.

போன மாதம் வீட்டுக்காரரின் பேத்தி வந்தார். எண்பது வயது. விற்றபோது கையெழுத்துப் போட்ட பன்னிரண்டு பேரில் இவரும் ஒருவர். சென்னையில் இருந்ததால் பவர் கொடுத்திருந்தார், நேரில் பார்த்ததில்லை. மகன் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு தூணாகத் தொட்டு வந்தார். இரண்டாம் கட்டு வந்ததும் நின்றுவிட்டார்.

"இங்க ஒரு கதவு இருக்குமே. கிளி போட்டது. ஒரு கிளிக்கு மூக்கு இருக்காது. நான்தான் உலக்கையால இடிச்சு உடைச்சேன்."

எனக்கு வாய் வரவில்லை. பிறகு உள்ளதைச் சொன்னேன், ஏழு சட்டத்தையும் காட்டினேன். அவர் நிமிர்ந்து மட்டப்பாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நாங்க வெள்ளிப் பாத்திரம், ஊஞ்சல், கண்ணாடின்னு ஒண்ணொண்ணா வித்துச் சாப்பிட்டோம். கதவ மட்டும் விட்டுவச்சிருந்தோம்" என்றார். என்மேல் கோபமா, ஆறுதலா என்று எனக்கு இன்னமும் விளங்கவில்லை. முற்றத்தில் உட்கார்ந்து காபி குடித்தார். புறப்படும்போது, கிழக்கு அறையில்தான் தான் பிறந்ததாகச் சொன்னார். நான் சிமெண்ட் பூசிக் கெடுத்த அதே அறை. புதுப்பூச்சு இன்னும் முழுசாகக் காயவில்லை, தொட்டால் சில்லென்று இருக்கிறது.

சித்திரை விடுமுறையில் ஊருக்கு வரும் பிள்ளைகள் எல்லோரும் வாருங்கள். முன்பே ஒரு போன் செய்துவிட்டு வந்தால் சமையலுக்கு வசதி. கிளிக் கதவு போட்ட விடுதி எதிலாவது யாராவது தங்க நேர்ந்தால், கீழே மூக்கில்லாத கிளி இருக்கிறதா என்று பார்த்து எனக்கு ஒரு படம் அனுப்புங்கள். அந்த அம்மாவுக்கு அனுப்ப வேண்டும்.