மனு போட்டவர்களும் மசோதா கொண்டுவந்தவரும்

அமெரிக்க அரசியல் பற்றி எழுதும்போது நம்ம நண்பர்கள் 'லாபி' என்ற வார்த்தையைச் சரளமா எடுத்து விடுறாங்க. துப்பாக்கி லாபி, மருந்துக் கம்பெனி லாபி, புகையிலை லாபி இத்யாதி. ஒரு மசோதா வந்தால் அதை யார் கொண்டுவந்தார், பின்னாடி எந்தக் கூட்டம் நின்றது, எதிர்த்து யார் காசு செலவழித்தார் என்று தோண்டுவது அங்கே ஒரு தனித் துறை. லாபிக்காரர்கள் பெயரைப் பதிவு செய்யணும்னு 1946-லேயே சட்டம் போட்டுட்டாங்க. நம்ம நாட்டில் அப்படி ஒரு பதிவேடு கிடையாது. அதுக்காக இங்கே லாபி இல்லைன்னு அர்த்தமா? நாம அதை 'மனு'ன்னு சொல்லுவோம், அவ்வளவுதான் :-)

அடையாறு பக்கம் இருக்கிறவங்களுக்கு அவ்வை இல்லமும் தெரியும், கேன்சர் இன்ஸ்டிட்யூட்டும் தெரியும். இரண்டுக்கும் காரணம் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. அவர் கொண்டுவந்த தேவதாசிச் சட்டத்தை அந்த அமெரிக்க முறையில் பிரித்துப் பார்க்கலாம் என்று ரொம்ப நாளாகவே எனக்கு ஒரு ஆசை. கேள்வி மூணுதான். யார் கொண்டுவந்தார்? யார் யார் மனு போட்டார்கள்? சொத்து யார் கைக்குப் போச்சு?

முதல் கேள்வி. அமெரிக்காவில் பெண்களுக்கு ஓட்டு தேசம் முழுக்க உறுதியானது 1920-ல். மதராஸ் சட்டசபை 1921-லேயே பெண்களுக்கு ஓட்டு கொடுத்துவிட்டது. பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களில் நாமதான் முதல். (சொத்து இருக்கிறவங்களுக்கு மட்டும்தான், ரொம்பக் குதிக்க வேண்டாம்.) 1926 தேர்தலில் கமலாதேவி சட்டோபாத்யாய் நின்று மயிரிழையில் தோற்றார். பிறகுதான் அரசாங்கம் முத்துலட்சுமி ரெட்டியை நியமன உறுப்பினர் ஆக்கியது. அவர் பெயரை முன்வைத்தது இந்திய மாதர் சங்கம். 1917-ல் அடையாறில் பிறந்த சங்கம் அது. அன்னி பெசன்ட், மார்கரெட் கசின்ஸ், டாரதி ஜினராஜதாசா எல்லாரும் சேர்ந்து ஆரம்பித்தது. 'ஸ்திரி தர்மா' என்று ஒரு பத்திரிகையும் நடத்தினார்கள். தூது போறது, தீர்மானம் போடறது, பத்திரிகையில் எழுதறதுன்னு இன்றைக்கு ஒரு லாபி செய்யும் அத்தனையும் செய்தார்கள்.

சபைக்குள் போன உடனேயே அவரை ஏகமனதாகத் துணைத்தலைவர் ஆக்கினார்கள். 1927 நவம்பரில் கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக் கட்டி விடுவதைத் தடுக்கணும்னு தீர்மானம் கொண்டுவந்தார். அவருடைய அம்மா சந்திரம்மாள் அந்தச் சமூகத்தைச் சேர்ந்தவர். அப்பா நாராயணசாமி ஐயர், புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியின் முதல்வர். ஆகவே இது அவருக்கு வீட்டுக்குள் இருந்து வந்த விஷயம்.

இப்போ இரண்டாவது கேள்வி. இங்கேதான் சுவாரஸ்யம். தீர்மானம் வந்ததும் மதராஸ் தேவதாசிகள் சும்மா உட்காரவில்லை. சங்கம் வைத்தார்கள், கூட்டம் போட்டார்கள், சட்ட உறுப்பினராக இருந்த சர் சி.பி. ராமசாமி ஐயருக்கு மனு எழுதினார்கள். முன்னணியில் இருந்தவர்களில் பெங்களூர் நாகரத்தினம்மாளும் ஒருவர். திருவையாற்றில் தியாகராஜர் சமாதியைக் கட்டினாரே, அதே அம்மாதான். மனுவின் சாராம்சம் இதுதான்: தாசி வேறு, விபச்சாரி வேறு. எங்கள் சொத்துரிமையையும் தத்து எடுக்கும் உரிமையையும் பறிக்காதீர்கள். சீர்கேடு இருந்தால் எங்களுக்குப் படிப்பைக் கொடுங்கள், தடைச்சட்டம் வேண்டாம்.

சபைக்குள் சத்தியமூர்த்தி எதிர்த்துப் பேசியது நம்ம ஊர் மேடைகளில் இன்னும் ஓடுது. முத்துலட்சுமி அவருக்குக் கொடுத்ததாகச் சொல்லப்படும் பதிலடி ஆளுக்கு ஆள் ஒரு மாதிரி மாறுது. அதை ஓரமா வைங்க. அந்தச் சமூகத்துக்குள்ளேயே அணி பிரிந்திருந்ததுதான் முக்கியம். இசை வேளாளர் ஆண்களின் சங்கங்கள் தடையை ஆதரித்தன. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார், பொட்டுக் கட்டும் வழக்கத்தின் கொடுமையைத் தன் உடம்பில் அறிந்தவர், தடைக்காக ஊர் ஊராகப் பேசினார். 1936-ல் 'தாசிகள் மோசவலை' நாவலையும் எழுதினார். ஆகவே 'தேவதாசிகள் எதிர்த்தார்கள்' என்று ஒரே வரியில் எழுதினாலும் பொய், 'ஆதரித்தார்கள்' என்று எழுதினாலும் பொய்.

மூணாவது கேள்வி: சொத்து. பொட்டுக் கட்டின பெண்ணுக்குக் கோயில் இனாம் நிலம் இருக்கும். ஆனால் கோயில் சேவை நடந்தால்தான் நிலம். வீட்டில் அடுத்த பெண் சேவைக்குப் போகாவிட்டால் நிலமும் போச்சு. மகளைப் பொட்டுக் கட்ட வைத்தது பக்தி மட்டும் இல்லைங்க, வயிறும்தான். பனகல் ராஜா காலத்து இந்து அறநிலையச் சட்டத்துக்கு 1929-ல் முத்துலட்சுமி கொண்டுவந்த திருத்தம் கையை வைத்தது சரியாக இந்த முடிச்சில்தான். சேவை நிபந்தனையை நீக்கிவிட்டு நிலத்தை அந்தப் பெண்களுக்கே விட்டது அது. யாரையும் ஜெயிலுக்கு அனுப்பவில்லை, யாருக்கும் ஒழுக்கம் போதிக்கவில்லை. நிலம் உனக்கு, மகளை அனுப்ப வேண்டாம். அவ்வளவுதான்.

என்னைக் கேட்டால் அவருடைய பெரிய சாதனை இந்த 1929 திருத்தம்தான். பாடப்புத்தகத்தில் 1947-ஐத்தான் சொல்றாங்க.

1930-ல் பொட்டுக் கட்டுவதையே குற்றமாக்கும் மசோதாவை வைத்தார். அதே வருஷம் காந்தி கைதானதைக் கண்டித்துப் பதவியை ராஜினாமா செய்தார். தன் சட்டசபை அனுபவங்களை ஒரு புத்தகமாகவும் எழுதி வைத்தார். ஆள் வெளியே போனதும் மசோதா கிடப்பில் விழுந்தது. எழுந்து சட்டமாக 17 வருஷம் ஆச்சு. 1947-ல் ஓமந்தூரார் முதல்வராக இருந்தபோது நிறைவேறியது. பொட்டுக் கட்டினால் 6 மாதம் வரை சிறை அல்லது 500 ரூபாய் வரை அபராதம். தேவதாசி செய்துகொள்ளும் திருமணம் செல்லும். கூடவே கோயிலிலும் சாமி ஊர்வலத்திலும் அவர்கள் ஆடவும் தடை.

அந்த 17 வருஷத்தில் வெளியே என்னவெல்லாம் நடந்தது என்று பாருங்கள். மியூசிக் அகாடமி அதற்கு முன்னாலேயே, 1928-ல் பிறந்துவிட்டது. 1932 கடைசியில் பொப்பிலி ராஜாவுக்குக் கொடுத்த வரவேற்பில் சதிர் வைத்ததைக் கண்டித்து முத்துலட்சுமி எழுத, வக்கீல் ஈ. கிருஷ்ண ஐயர் பதில் எழுத, பத்திரிகைகளில் பெரிய சண்டை. 1935-ல் ருக்மிணி தேவி அடையாறு பிரம்மஞான சபை மாநாட்டில் ஆடினார். அடுத்த வருஷம் கலாக்ஷேத்ரா. 1947-ல் சட்டம் வந்தபோது ஆட்டம் 'பரதநாட்டியம்' என்ற பெயரில் மயிலாப்பூர் வீடுகளுக்குள் வந்தாச்சு. தாசிகளின் சதங்கைக்குத் தடை, மற்றவர்கள் வீட்டுப் பெண்ணுக்கு அரங்கேற்றம்.

இதுக்காக முத்துலட்சுமியைத் திட்டுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. விடுதிகளில் இடம் கிடைக்காத தேவதாசி வீட்டுப் பெண்களைத் தன் வீட்டிலேயே சேர்த்துக்கொண்டவர் அவர். அவ்வை இல்லம் 1930 வாக்கில் அப்படித்தான் முளைத்தது. பத்து வயசுப் பெண்ணைப் பொட்டுக் கட்டுவதைக் கலை என்ற பெயரில் விட்டுவைத்திருக்க முடியாது. ஆனால் நாகரத்தினம்மாள் தரப்பு மனுவில் கேட்ட படிப்பும் மரியாதையும் நியாயமில்லாத கோரிக்கையா? பெண்களைக் காப்பாற்ற வந்த சட்டம், அவர்கள் கையில் இருந்த தொழிலுக்கு மாற்றாக எதையும் வைக்கவில்லை. 1929 திருத்தம் நிலத்தையாவது கொடுத்தது.

சபையில் கை தூக்கினவர்கள் பெயர் நடவடிக்கைக் குறிப்பில் அச்சாகிவிடும். மனு போட்டவர்களைக் கோப்புகளில்தான் தேடணும். எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போகிறவர்கள் ஏதாவது ஒரு பழைய சட்டத்தை எடுத்து இந்த மூணு கேள்வியையும் போட்டுப் பாருங்கள். ஜமீன் ஒழிப்பு, கோயில் நுழைவு, எதுவானாலும் சரி.

ராமாமிர்தம் அம்மையாரைப் பற்றித் தனியா ஒரு பதிவு எழுதணும். அவர் கதை இந்த ஒரு பத்தியில் அடங்காது.