ஆசியாவில் முதலிடம், உலகில் கடைவரிசை: இலங்கை மகளிர் வலைப்பந்தாட்ட அணியின் பன்னாட்டுப் போட்டிப் பதிவு (1960–2022)

ஆய்வுச் சுருக்கம்

இலங்கை மகளிர் வலைப்பந்தாட்ட அணி 1989 முதல் 2022 வரை ஆறு முறை ஆசிய வாகையர் பட்டத்தை வென்றுள்ளது. 2018இல் அப்பட்டத்துடன் உலகக் கோப்பைக்குத் தகுதிபெற்ற அவ்வணி, அடுத்த ஆண்டு 16 அணிகளில் 15ஆவது இடத்தையே அடைந்தது. இவ்விரு பதிவுகளும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல. ஆட்டம் பரவிய வழி, அதன் விதியமைப்பு, ஆசியப் போட்டிக்களத்தின் எல்லை ஆகியன உருவாக்கிய ஒரே வரலாற்றின் இரு பக்கங்கள் என இக்கட்டுரை வாதிடுகிறது.

திறவுச் சொற்கள்: வலைப்பந்தாட்டம், இலங்கை, பெண்கள் விளையாட்டு, காமன்வெல்த், தர்ஜினி சிவலிங்கம்

முன்னுரை

விளையாட்டு அணிகளின் வரலாறு பெரும்பாலும் வெற்றி தோல்விகளின் பட்டியலாகவே எழுதப்படுகிறது. பட்டியல் சான்றாகும், ஆனால் அது தன்னைத்தானே விளக்கிக்கொள்வதில்லை. ஓர் அணி யாரோடு மோதியது, எவ்விதிகளின்கீழ் மோதியது, யாரை நம்பி மோதியது என்னும் வினாக்களை எழுப்பும்போதுதான் அப்பட்டியல் வரலாறாகிறது.

'வலைப்பந்தாட்டம்' என்பது இலங்கைத் தமிழில் நிலைபெற்ற சொல். தமிழ்நாட்டில் 'நெட்பால்' என அறியப்படும் ஆட்டத்தையே இது குறிக்கும். நடுவே வலை கட்டி ஆடப்படும் வாலிபால் இதனின் வேறானது. இலங்கையில் அது கரப்பந்தாட்டம் எனப்படும்.

1. ஆட்டம் பரவிய வழி

ஜேம்ஸ் நெய்ஸ்மித் 1891இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் உருவாக்கிய கூடைப்பந்தாட்டம் சில ஆண்டுகளிலேயே இங்கிலாந்தை அடைந்தது. அங்கு மார்ட்டினா பெர்க்மன் ஓஸ்டர்பெர்க் நடத்திய பெண்கள் உடற்பயிற்சிக் கல்லூரியில் அது மாற்றங்களுக்கு உள்ளாயிற்று. ஆடுகளம் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. கூடைக்குப் பதிலாக வளையம் வந்தது. 1901இல் விதிகள் தொகுக்கப்பட்டன. அக்கல்லூரி மரபில் பயின்ற ஆசிரியைகள் வழியாகவும் பெண்கள் பள்ளிகள் வழியாகவும் ஆட்டம் பிரித்தானியப் பேரரசெங்கும் சென்றது.

இப்பரவல் ஆட்டத்தின் உலக வரைபடத்தையே தீர்மானித்தது. 1998 முதல் காமன்வெல்த் விளையாட்டு விழாவில் இடம்பெற்று வரும் வலைப்பந்தாட்டம், 1995இல் பன்னாட்டு ஒலிம்பிக் குழுவின் ஏற்பைப் பெற்றும் ஒலிம்பிக் போட்டிகளில் சேர்க்கப்படவில்லை. ஆசியாவிலும் இதே எல்லை புலப்படுகிறது. 1985 முதல் 2022 வரை நடைபெற்ற பன்னிரண்டு ஆசிய வாகையர் போட்டிகளில் இலங்கை ஆறு முறையும், சிங்கப்பூர் மூன்று முறையும், மலேசியா இரு முறையும், ஹாங்காங் ஒரு முறையும் வென்றன. நான்கும் முன்னாள் பிரித்தானிய ஆட்சிப் பகுதிகளே. 'ஆசிய வாகையர்' என்னும் தொடர் சுட்டும் ஆசியா, நிலவரைபடம் காட்டும் ஆசியாவைவிடச் சிறியது.

2. விதி வகுத்த மண், விளிம்பில் நின்ற அணி

நீண்டகாலம் நாட்டுக்கு நாடு விதிகள் வேறுபட்டிருந்தன. ஆட்டத்தின் பெயரும் ஒன்றாக இல்லை. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 1970 வரை அது 'மகளிர் கூடைப்பந்து' என்றே வழங்கியது. 1960இல் ஆஸ்திரேலியா, இங்கிலாந்து, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா, மேற்கிந்தியத் தீவுகள் ஆகியவற்றின் பிரதிநிதிகள் இலங்கையில் கூடி விதிகளை ஒருமைப்படுத்தினர். பன்னாட்டுக் கூட்டமைப்புக்கும் அங்கேயே அடித்தளமிடப்பட்டது. அதன் பயனாக 1963இல் இங்கிலாந்தின் ஈஸ்ட்போர்னில் முதல் உலகப் போட்டி நடைபெற்றது. கலந்துகொண்ட 11 அணிகளுள் சிலோனும் ஒன்று.

ஆகவே இலங்கை இவ்வாட்டத்துக்குப் பிற்காலத்தில் வந்து சேர்ந்த நாடன்று. பன்னாட்டு வடிவம் உருவான தொடக்கக் கட்டத்திலேயே உடனிருந்த நாடு. எனினும் தொடக்கத்தில் உடனிருந்தமை போட்டி வலிமையாக மாறவில்லை. 1963 முதல் 2019 வரையிலான பதினைந்து உலகப் போட்டிகளிலும் ஆஸ்திரேலியாவோ நியூசிலாந்தோ வாகை சூடின; 1979இல் மட்டும் அவ்விரண்டோடு டிரினிடாட் டொபாகோவும் பட்டத்தைப் பகிர்ந்துகொண்டது. ஆசிய அணி எதுவும் முதல் மூன்று இடங்களுக்குள் வந்ததில்லை.

3. விதியமைப்பும் உயரமும்

வலைப்பந்தாட்டத்தில் ஓர் அணிக்கு ஏழு பேர். அவர்களுள் கோல் சூட்டர், கோல் அட்டாக் எனப்படும் இருவர் மட்டுமே, அதுவும் வளையத்தைச் சுற்றிய அரைவட்டத்துள் நின்றே, கோல் எய்யலாம். வளையம் தரையிலிருந்து 3.05 மீட்டர் உயரத்தில் உள்ளது, பின்பலகை கிடையாது. பந்துடன் ஓடவோ அதனை மூன்று நொடிக்குமேல் வைத்திருக்கவோ கூடாது. தடுப்பவர் எய்பவரிடமிருந்து 0.9 மீட்டர் விலகி நிற்க வேண்டும். எவ்வளவு தொலைவிலிருந்து எய்தாலும் மதிப்பு ஒரு கோல்தான்.

இவ்விதிகளை ஒருங்கே நோக்கினால் ஓர் உண்மை விளங்கும். வளையத்தின் அருகே நின்று, பிறர் கைக்கு எட்டாத உயரத்தில் பந்தைப் பற்றக்கூடியவரைத் தடுப்பது மிகக் கடினம். யாழ்ப்பாண மாவட்டத்தைச் சேர்ந்த தர்ஜினி சிவலிங்கத்தின் உயரம் 2.08 மீட்டர். இலங்கை வாகை சூடிய 2009, 2018, 2022 ஆகிய மூன்று ஆசியப் போட்டிகளிலும் அவர் ஆடினார். இடைப்பட்ட 2012, 2014 பட்டங்களைச் சிங்கப்பூரும், 2016 பட்டத்தை மலேசியாவும் வென்றன. 2018 இறுதியாட்டத்தில் இலங்கை சிங்கப்பூரை 69–50 என்றும், 2022இல் 63–53 என்றும் வென்றது.

4. 2019: பதிவின் இரு பக்கங்கள்

2019இல் லிவர்பூலில் நடந்த உலகக் கோப்பை இவ்வாய்வின் மையச் சான்றாகும். அத்தொடரில் மிகுதியான கோல் எய்தவர் தர்ஜினியே. அவரது கணக்கு 348. சிங்கப்பூரை 88–50 என இலங்கை வென்ற ஆட்டத்தில் 76 கோல்கள் அவருடையவை. அதாவது அணியின் மொத்தக் கோல்களில் ஏறத்தாழ 86 விழுக்காடு. ஆயினும் இலங்கை 15ஆவது இடத்தையும் சிங்கப்பூர் 16ஆவது இடத்தையும் பெற்றன. முந்தைய ஆண்டு ஆசியாவின் முதல் இரு அணிகளாக இருந்தவையே உலகின் கடைசி இரு அணிகளாயின.

ஒரே ஆட்டக்காரரை நம்பியதே இதற்குக் காரணம் என எளிதில் முடிவுகட்டலாம். ஒப்பீடு அம்முடிவை ஏற்கவில்லை. 1.98 மீட்டர் உயரமுள்ள ஜனீல் பவுலரை முன்னிறுத்தி ஏறத்தாழ இதே உத்தியைக் கையாண்ட ஜமைக்கா அத்தொடரில் ஐந்தாமிடம் பெற்றது. வேறுபாடு கோல் கம்பத்தின் அடியில் இல்லை. களத்தின் மற்றப் பகுதிகளில் உள்ளது. பவுலரைப் போலவே ஜமைக்காவின் தடுப்பாட்டக்காரர் ஷமேரா ஸ்டெர்லிங்கும் ஆஸ்திரேலியத் தொழில்முறைப் போட்டியில் ஆடிவந்தார். இலங்கை அணியிலோ தர்ஜினி மெல்பர்னின் சிற்றி வெஸ்ட் பால்கன்ஸ் கழகத்துக்கு ஆடிய அனுபவம் பெற்றிருந்தும், அணியின் ஏனைய பகுதிகளுக்கு அத்தகைய போட்டிப் பயிற்சி பரவலாக வாய்க்கவில்லை. உயரமான எய்பவர் கிடைக்கும் பந்தைக் கோலாக்குவார். எதிரணியிடமிருந்து பந்தைப் பறிப்பதும் நடுக்களத்தைக் கடத்துவதும் அவர் பணியல்ல. அவர் நிற்க அனுமதிக்கப்பட்ட பகுதியும் அதுவல்ல.

5. அணியும் தேசமும்

உள்நாட்டுப் போர் 2009 மே மாதம் முடிவுற்றது. அதே ஆண்டில் தமிழ்ப் பெண் ஒருவர் முதன்மை எய்பவராக நின்ற தேசிய அணி ஆசியப் பட்டத்தை வென்றது. இந்நிகழ்வை இன நல்லிணக்கத்தின் சான்றாகக் கொள்வதும், வெறும் தற்செயல் என ஒதுக்குவதும் பொருத்தமற்றவை. ஓர் ஆட்டக்காரரின் திறனுக்குத் தேசிய அணியில் இடம் கிடைத்தது என்பதே போட்டிப் பதிவு உறுதிசெய்யும் செய்தி. வடக்கின் பள்ளிகளிலிருந்து தேசிய அணிக்கு நிலையான வழி அமைந்ததா என்பது வேறு வினா. அதற்கான விடையைக் கோல் கணக்கில் தேட இயலாது. பள்ளிப் போட்டிகள், பயிற்றுநர் நியமனம், ஆடுகள வசதி ஆகியவற்றின் ஆவணங்களிலேயே தேட வேண்டும். தனியொருவரின் சாதனையைச் சமூகத்தின் நிலைமையாகக் கருதிவிட்டால் இரண்டுக்குமே நீதி செய்தவராகோம்.

முடிவுரை

இலங்கை அணியின் ஆசியப் பட்டங்களை உலகத் தரவரிசை பொய்யாக்குவதில்லை. ஆசியப் பட்டங்கள் உலகத் தரவரிசையை மறைக்கவும் கூடாது. பேரரசின் பள்ளி வலையமைப்பு வரைந்த சிறிய ஆசியக் களத்தில் இலங்கை முதல்நிலை ஆற்றல். தொழில்முறைப் போட்டிகளால் வளர்ந்த அணிகளுக்கு எதிரே அதே ஆற்றல் போதாமற் போகிறது. 348 கோல்களும் 15ஆம் இடமும் ஒரே தொடரில், ஒரே அணியின் பதிவில் அருகருகே நிற்பதற்குக் காரணம் இதுவே. தெற்காசியப் பெண்கள் விளையாட்டை ஆராய்வோர் தரவரிசையையும் தனியாள் சாதனையையும் இணைத்து வாசித்தல் வேண்டும்; ஒன்றை மட்டும் கொண்டால், முதலாவது அணியைக் குறைத்து மதிப்பிடும், இரண்டாவது அமைப்பின் குறைகளை மறைத்துவிடும்.