ஒரு ஏக்கர், அம்மா பேரில்



போன மாசம் எங்க குழுக் கூட்டத்தில், எல்லாரும் சேமிப்பும் தவணையும் கட்டி முடித்த பிறகு ஒரு கேள்வி கேட்டேன். "கடன் வாங்கி யாராவது மனையோ வயலோ வாங்கியிருக்கீங்களா?" நாலு பேர் கை தூக்கினார்கள். "பத்திரம் யார் பேர்ல?" என்று கேட்டதும் எல்லாருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மூணு பேருக்கு வீட்டுக்காரர் பேரில், ஒருத்தருக்கு மகன் பேரில். கடன் பாரத்தில் கையெழுத்து நம்மளது, பத்திரத்தில் பேர் வேற ஆளுது. "குடும்பம்தானே, யார் பேர்ல இருந்தா என்ன?" என்றார் ஒரு அக்கா.

அன்னைக்கு அதற்குச் சட்டென்று பதில் சொல்லத் தெரியவில்லை. இந்த மலருக்கு ஏதாவது எழுது என்று கூட்டமைப்பில் கேட்டபோது, அந்தக் கேள்விக்குத் தன் வாழ்நாளையே பதிலாகக் கொடுத்த ஒரு அம்மா ஞாபகத்துக்கு வந்தார். அவர்தான் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன்.

பிறந்த வீடு

1926ஆம் ஆண்டு, இன்றைய திண்டுக்கல் மாவட்டத்தில் பட்டிவீரன்பட்டி அருகே உள்ள அய்யன்கோட்டையில், நிலமில்லாத தலித் குடும்பத்தில் பிறந்தார். அப்பா சீக்கிரமே காலமாகிவிட்டார். தாயார் நாகம்மாள்தான் கூலி வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தவர். நிறைமாதக் கர்ப்பிணியாக இருந்தபோதும் அந்தத் தாய் வயலில் குனிந்து வேலை செய்ததைச் சிறுமியாக இருந்த கிருஷ்ணம்மாள் கண்ணால் பார்த்திருக்கிறார். ஊருக்கே சோறு போடும் வயலில் பாடுபட்டவருக்கு ஒரு சாண் நிலம்கூடச் சொந்தமில்லை. இந்த அம்மாவின் கதை முழுக்க அந்த வயலில்தான் தொடங்குகிறது.

அந்தக் காலத்தில் ஒரு ஏழைத் தலித் பெண் கல்லூரி வரை போவது எவ்வளவு பெரிய காரியம் என்று நாமே யோசித்துப் பார்க்கலாம். மதுரையில் படிக்க அவருக்குக் கை கொடுத்தவர் டாக்டர் சௌந்தரம். பின்னாளில் காந்திகிராமத்தை உருவாக்கியவர்களில் ஒருவர் அவர். 1946இல் காந்தி மதுரைக்கு வந்தபோது அவரை நேரில் பார்க்கும் வாய்ப்பும் மாணவியாக இருந்த கிருஷ்ணம்மாளுக்குக் கிடைத்தது.

புகுந்த வீடு

ஜெகந்நாதன் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். காந்தியின் அழைப்பைக் கேட்டுப் படிப்பை விட்டுவிட்டு விடுதலைப் போராட்டத்துக்கு வந்து, சிறைக்கும் போனவர். நாடு விடுதலை அடைந்த பிறகுதான் கல்யாணம் என்று இருவரும் முடிவு செய்து காத்திருந்தார்கள். 1950 ஜூலையில் திருமணம் நடந்தது. சாதி மாறிய கல்யாணம். இன்றைக்கே இதற்கு எத்தனை வீடுகளில் சண்டை நடக்கிறது! எழுபது வருஷத்துக்கு முந்தி எப்படி இருந்திருக்கும்?

அடுத்த வருஷம், 1951இல், வினோபா பாவே தெலங்கானாவில் பூமிதான இயக்கத்தைத் தொடங்கினார். நிலம் வைத்திருப்பவர்கள் ஆறில் ஒரு பங்கை நிலமில்லாதவர்களுக்குத் தானமாகக் கொடுங்கள் என்று ஊர் ஊராக நடந்தே போய்க் கேட்டார். தம்பதியர் இருவரும் அதில் சேர்ந்து தமிழ்நாட்டில் பல வருஷம் உழைத்தார்கள். மகன், மகள் என இரண்டு பிள்ளைகள். ஊர் வேலைக்கு நடுவே வளர்ந்த அந்தப் பிள்ளைகள் இருவருமே படித்து மருத்துவர்கள் ஆனார்கள். கணவனும் மனைவியும் 2013இல் ஜெகந்நாதன் காலமாகும் வரை அறுபத்திரண்டு வருஷம் ஒரே வேலையை ஒன்றாகச் செய்தார்கள்.

நாற்பத்திரண்டு வயதில்

1968 டிசம்பர் 25. அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்தில், இப்போது நாகப்பட்டினம் மாவட்டத்தில் இருக்கும் கீழ்வெண்மணி. விவசாயக் கூலிகள் கேட்டது கொஞ்சம் கூடுதல் நெல் கூலி. அதற்காக நடந்த தகராறில், பயந்துபோய் ஒரே குடிசைக்குள் ஒளிந்திருந்த 44 பேர் உயிரோடு எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும் வயசானவர்களும்.

அந்தச் சேதிக்குப் பிறகு கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் கீழத்தஞ்சையையே தங்கள் வேலைக்களமாக ஆக்கிக்கொண்டார்கள். அம்மாவுக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. அரைப்படி நெல்லுக்காக உயிர் போகிற இடத்தில், கூலியை மட்டும் கூட்டிக் கேட்டால் போதாது, உழுகிறவர் கையில் நிலம் இருக்கவேண்டும் என்பது அவர்கள் எண்ணம். அகிம்சை வழியில் மறியல், நடைப்பயணம், உண்ணாவிரதம், பேச்சுவார்த்தை என்று வருஷக்கணக்கில் போராடினார்கள்.

ஐம்பத்தைந்து வயதில்

நம்மில் பலர் ஐம்பத்தைந்து வயசானால் "இனிமே என்ன, பேரப்பிள்ளையைப் பார்த்துக்கிட்டு இருக்கவேண்டியதுதான்" என்கிறோம். அந்த வயதில்தான், 1981இல், அம்மா தம் கணவரோடு சேர்ந்து 'லாஃப்டி' என்ற அமைப்பைத் தொடங்கினார். உழுகிறவருக்கு நிலம் கிடைத்து விடுதலை பிறக்கட்டும் என்பதுதான் அந்தப் பேரின் பொருள்.

லாஃப்டி வேலை செய்த விதம் நமக்கு ரொம்பப் பழக்கமானதாக இருக்கும். நிலத்தை விற்கத் தயாராக இருக்கும் மிராசுதாரரையும் நிலமில்லாத குடும்பங்களையும் ஒரே இடத்தில் உட்கார வைத்து நியாயமான விலை பேசுவது. வங்கியில் கடன் கேட்பது. வாங்கிய நிலத்தில் எல்லாரும் கூடிப் பாடுபட்டு, விளைச்சலில் இருந்து கடனைத் திருப்பிக் கட்டுவது. முதலில் வங்கிகள் தயங்கின. சொத்தே இல்லாதவருக்கு எதை நம்பிக் கடன் கொடுப்பது என்பது அவர்கள் கேள்வி. நம்ம குழுக்கள் முதன்முதலில் வங்கி வாசலில் நின்றபோது கேட்ட அதே கேள்விதான்! பத்திரச் செலவு வேறு பெரிய தடையாக இருந்தது. அம்மா விடவில்லை, திரும்பத் திரும்பப் போய்க் கேட்டார்.

இப்படிப் போராடியும் விலைக்கு வாங்கியும் சுமார் 13,000 ஏக்கர் நிலம் சுமார் 13,000 குடும்பங்களுக்குப் போய்ச் சேர்ந்தது. கணக்குப் போட்டால் வீட்டுக்கு ஒரு ஏக்கர். அந்த நிலத்தைப் பெண்கள் பேரில் எழுதினார்கள் என்பதுதான் நாம் குறிப்பாகக் கவனிக்கவேண்டியது.

ஏன் பெண்கள் பேரில்? நம்ம ஊரையே நினைத்துப் பார்த்தால் புரியும். வீட்டுக்காரர் பேரில் இருக்கிற நிலம் ஒரு குடிக்கடனுக்கோ, யாரோ ஒருவருக்குப் போட்ட ஜாமீனுக்கோ நமக்குத் தெரியாமலே அடகு போய்விடலாம். அவர் இல்லாத காலத்தில் வாரிசுச் சான்றிதழுக்கு அலையவேண்டும், பங்காளிகளிடம் பேச்சு வாங்கவேண்டும். அம்மா பேரில் இருந்தால் அவர் கையெழுத்து இல்லாமல் அது கைமாறாது. அவர் அத்தனை சுலபமாகக் கையெழுத்துப் போடமாட்டார், பிள்ளைகளின் சோறு அதில்தானே இருக்கிறது!

நிலத்தில் வேலை இல்லாத மாதங்களில் என்ன செய்வது? பாய் நெசவு, தையல், தச்சு, கொத்து வேலை என்று கைத்தொழில் பயிற்சிகளையும் லாஃப்டி நடத்தியது. பின்னாளில் குடிசைகளுக்குப் பதிலாகக் கல்வீடு கட்டித் தரும் வேலையையும் அம்மா எடுத்துக்கொண்டார்.

அறுபத்தாறு வயதில்

1992 வாக்கில் கடலோரத்தில் இறால் பண்ணைகள் பெருகின. வெளியூர் கம்பெனிகள் நிலத்தை வாங்கி உப்புத் தண்ணீரை நிறுத்தியதில் பக்கத்து வயல்கள் உவர் பாய்ந்தன. குடிதண்ணீர்க் கிணறுகள் உப்பு கரித்தன. கூலி வேலையும் போனது. பாடுபட்டு வாங்கிய ஒரு ஏக்கர் உப்பளமாகிப்போனால் பட்டா இருந்து என்ன பயன்? தம்பதியர் மறுபடி போராட்டத்தில் இறங்கினார்கள். ஜெகந்நாதன் 1994இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். 1996 டிசம்பர் 11இல் தீர்ப்பு வந்தது. தடைசெய்யப்பட்ட கடலோரப் பகுதிக்குள் இருக்கும் பண்ணைகளை அகற்றவேண்டும், பாதிக்கப்பட்டவர்களுக்கு நஷ்டஈடு தரவேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. பிறகு வந்த 2005ஆம் ஆண்டுச் சட்டம் பண்ணைகளுக்கு மறுபடியும் வழிவிட்டது. ஜெயித்ததையும் காவல் காக்கவேண்டும் என்பது இதில் நமக்குப் பாடம்.

2008இல், எண்பத்திரண்டு வயதில், மாற்று நோபல் என்று சொல்லப்படும் 'வாழ்வுரிமை விருது' தம்பதியருக்குக் கிடைத்தது. 2020இல் மத்திய அரசு அம்மாவுக்குப் பத்ம பூஷண் அறிவித்தது. அதற்கு முன்பே, 1989இல், பத்மஸ்ரீ பெற்றிருந்தார்.

அந்த 1989 நமக்கும் முக்கியமான வருஷம். தருமபுரி மாவட்டத்தில் மகளிர் குழுக்களை அரசு தொடங்கியது அந்த வருஷம்தான். குடும்பப் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலவே சம பங்கு என்று தமிழ்நாட்டில் சட்டம் நடைமுறைக்கு வந்ததும் அதே வருஷம் மார்ச் மாதம். அன்று ஏற்கெனவே கல்யாணமாகியிருந்த மகள்களை அந்தச் சட்டம் சேர்க்கவில்லை. 2005இல் வந்த மத்தியச் சட்டம் அந்த வித்தியாசத்தையும் எடுத்துவிட்டது.

அந்த அக்காவுக்குப் பதில்

"குடும்பம்தானே, யார் பேர்ல இருந்தா என்ன?" என்று கேட்ட அக்காவுக்கு இப்போது சொல்கிறேன். கிருஷ்ணம்மாள் அம்மாவும் குடும்பத்தை நினைத்துத்தான் எல்லாம் செய்தார். நாகம்மாளின் வீட்டில் தொடங்கி ஆயிரக்கணக்கான வீடுகள் வரை அவர் குடும்பம் பெருகியது, அவ்வளவுதான். குடும்பம் நிலைக்கவேண்டும் என்றுதான் அம்மாமார் பேரில் நிலத்தை எழுதினார்.

வீட்டுக்காரரோடு சண்டை போடச் சொல்லவில்லை அக்கா. வாங்கியதை உடனே மாற்ற முடியாமல் இருக்கலாம். இனிமேல் வாங்குவதில் நம்ம பேரும் இருக்கட்டும், தனியாகவோ கூட்டாகவோ. அடுத்த கூட்டத்துக்கு வரும்போது பத்திர நகலையும் எடுத்து வாங்க. எந்தெந்த வீட்டில் யார் பேர் இருக்கிறது என்று சேர்ந்து பார்ப்போம். நம்ம குழுக் கடனில் வாங்கும் சொத்தில் உறுப்பினர் பேர் கட்டாயம் இருக்கணும் என்று தீர்மான நோட்டில் எழுதி, எல்லாரும் கையெழுத்துப் போடுவோம். முதல் கையெழுத்து என்னுடையது.