கப்பல் வாடகை கம்மிதான்... அப்புறம் ஏன் பில் எகிறுது? பேலட் சரக்கு செலவைக் குறைப்பது எப்படி?

சுத்துக்கேணியில் இருந்து கிளம்பும் சரக்கு லாரி, சில கிலோமீட்டரிலேயே தமிழ்நாட்டு எல்லைக்குள் நுழைந்துவிடும். புதுச்சேரியின் கிராமப்புற கொம்யூன்கள் அப்படித்தான், தமிழ்நாட்டு மாவட்டங்களுக்கு நடுவே திட்டுத்திட்டாக அமைந்திருக்கின்றன. வெளிநாட்டுக்கு சரக்கு அனுப்பும் சின்ன வர்த்தக நிறுவனத்துக்கு இங்கே இரண்டு எல்லைகள். ஒன்று மாநில எல்லை, இன்னொன்று நாட்டின் எல்லை.

முதல் எல்லை இப்போது பெரிய தலைவலி இல்லை. 2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்த பிறகு விற்பனை வரி சோதனைச் சாவடிகள் போய்விட்டன. 50,000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள சரக்கு மாநிலம் தாண்டினால் இ-வே பில் வேண்டும். 200 கி.மீ வரை ஒரு நாள் செல்லுபடி என்பதால், திண்டிவனம் வழியாக சென்னை துறைமுகம் போக அது போதும். பணம் கரைவது இரண்டாவது எல்லையில்தான். அதுவும் பலர் நினைப்பது போல கப்பல் வாடகையில் இல்லை.

கணக்கு எங்கே ஆரம்பிக்கிறது?

முழு கன்டெய்னர் நிரம்பாத சரக்கை, பலருடைய சரக்கோடு சேர்த்து ஒரே கன்டெய்னரில் அனுப்புவார்கள். இதைத்தான் எல்சிஎல் என்கிறார்கள். இதில் கட்டணம் எடைக்கா, இடத்துக்கா? ஒரு கன மீட்டரையும் ஒரு டன்னையும் சமமாக வைத்து, எது அதிகமோ அதற்கு பில் போடுவார்கள். பெரும்பாலான சரக்கில் ஜெயிப்பது இடம்தான்.

ஒரு உதாரணம் பார்க்கலாம். 1.2 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம் உள்ள பேலட்டில் 1.6 மீட்டர் உயரத்துக்கு பெட்டிகளை அடுக்கினால் 1.92 கன மீட்டர். அதே பெட்டிகள் நாலு பக்கமும் வெறும் 5 செ.மீ வெளியே நீட்டிக்கொண்டிருந்தால்? அளவு 1.3-க்கு 1.1 ஆகிவிடும். மொத்தம் 2.29 கன மீட்டர். உள்ளே இருக்கும் பொருள் ஒரு கிராம்கூட கூடவில்லை, ஆனால் பில் மட்டும் 19 சதவீதம் கூடிவிட்டது. அட்டைப்பெட்டி செய்பவரிடம் பேலட் அளவைச் சொல்லி பெட்டியை மாற்றினாலே இது மிச்சம். ஃபார்வர்டரிடம் மணிக்கணக்கில் பேரம் பேசினாலும் இவ்வளவு குறைப்பது கஷ்டம்.

அடுத்தது மேல்பகுதி. கூம்பு மாதிரி அடுக்கி, மேலே வேறு பேலட் வைக்க முடியாதபடி அனுப்பினால், அதற்கு மேலே காலியாகக் கிடக்கும் இடத்துக்கும் சேர்த்து சிலர் கட்டணம் போடுவார்கள். தட்டையாக அடுக்கி, மூலைக்கு அட்டை காப்பு வைத்து இறுக்கிக் கட்டுவதே நல்லது.

விமானத்தில் இன்னும் கறார். நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 6000-ஆல் வகுப்பார்கள். நம்ம 1.92 கன மீட்டர் பேலட் 320 கிலோ ஆகிவிடும். நிஜ எடை 200 கிலோதான் என்றாலும் 320 கிலோவுக்குத்தான் காசு.

மரப் பலகையில் ஒரு முத்திரை

பழைய மரப் பலகையில் பேலட் அடித்தால் செலவு கம்மி என்று தோன்றும். ஆனால் ஐஎஸ்பிஎம் 15 என்ற சர்வதேச விதிப்படி, மரத்தின் உள்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்குவது போன்ற அங்கீகரிக்கப்பட்ட முறையில் பக்குவப்படுத்தி, முத்திரை குத்தியிருக்க வேண்டும். முத்திரை இல்லாமல் போய் இறங்கினால் புகைமூட்டும் செலவு, இல்லாவிட்டால் சரக்கே திரும்பி வரும். பிளாஸ்டிக், பிளைவுட் பேலட்டுகளுக்கு இந்த விதி பொருந்தாது.

'வாடகை ஜீரோ' என்றால் சந்தேகப்படுங்கள்

இறக்குமதி செய்பவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இங்கேதான். சிஐஎஃப் விலையில் வாங்கினால் கப்பல் வாடகையும் இன்சூரன்ஸும் விற்பவர் பொறுப்பு. கேட்க சுகமாக இருக்கும். ஆனால் சரக்கைச் சேர்த்து அனுப்பும் நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பதும் அவர்தான். அந்த நிறுவனம் அவருக்கு வாடகையை அடிமாட்டு விலைக்கு கொடுத்துவிட்டு, சென்னையில் டெலிவரி ஆர்டர் கட்டணம், கையாளும் கட்டணம், சரக்குப் பிரிப்புக் கட்டணம் என்று வாங்குபவரிடம் வசூலித்துக்கொள்ள முடியும். சரக்கு அவர்கள் கையில் இருக்கும்போது பேரம் எங்கே நடக்கும்?

வழி இரண்டு. எஃப்ஓபி விலையில் வாங்கி, ஃபார்வர்டரை நீங்களே நியமிக்கலாம். அது முடியாவிட்டால், ஆர்டர் கொடுக்கும் முன்பே சென்னையில் ஆகும் எல்லா கட்டணத்தையும் எழுத்தில் வாங்கிவிட வேண்டும். ஆர்டர் போன பிறகு கேட்டால் பலன் இல்லை.

எஃப்ஓபி-யில் வாங்குபவர்கள் வாடகை ரசீதை பத்திரமாக வைத்திருக்க வேண்டும். வாடகை எவ்வளவு என்று காட்ட முடியாவிட்டால், பொருளின் எஃப்ஓபி மதிப்பில் 20 சதவீதத்தை வாடகையாக சேர்த்துத்தான் சுங்கத்துறை வரி கணக்கிடும். 5 லட்சம் ரூபாய் சரக்கு என்றால் 1 லட்சம் சேரும். உண்மையில் நீங்கள் கொடுத்தது 30,000 என்றால், செலவே செய்யாத 70,000-க்கும் சுங்கவரி. ஐஜிஎஸ்டி உள்ளீட்டு வரியாக திரும்பக் கிடைக்கலாம், அடிப்படை சுங்கவரி கிடைக்காது.

சிஐஎஃப் இறக்குமதியில் கடல் வாடகைக்கு தனியாக ஐஜிஎஸ்டி கட்டச் சொன்ன நடைமுறையை 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. இன்னும் அந்த வரியைச் சேர்த்து கணக்கு போடுபவர்கள் ஆடிட்டரிடம் பேசுவது நல்லது.

முழு கன்டெய்னர் எப்போது லாபம்?

20 அடி கன்டெய்னரில் தரையில் 1.2-க்கு 1 மீட்டர் பேலட் 10 வைக்கலாம். அதற்காக 10 பேலட் சேரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆறேழு பேலட் வந்ததுமே இரண்டு விதத்திலும் கோட்டேஷன் கேளுங்கள். பாதி காலியாகப் போனாலும் முழு கன்டெய்னர் மலிவாக அமைவது உண்டு. ஏற்றுமதியில் தொழிற்சாலையிலேயே சரக்கு ஏற்றி, மின்னணு சீல் போட்டு நேராக துறைமுகம் அனுப்பும் வசதியும் இருக்கிறது. நடுவில் ஒருமுறை இறக்கி ஏற்றும் கூலி மிச்சம்.

புதுச்சேரி - சென்னை இடையே 2023-ல் சரக்குக் கப்பல் சேவை தொடங்கப்பட்டது. ஆனால் புதுச்சேரி துறைமுக முகத்துவாரத்தில் மணல் சேர்வது பழைய பிரச்னை. அதனால் லாரி வாடகையை கணக்கில் வைத்தே திட்டமிடுவது பாதுகாப்பு. ஒரே வாரத்தில் சரக்கு அனுப்பும் பக்கத்து நிறுவனங்கள் ஒரே லாரியைப் பகிர்ந்துகொண்டால் அந்த செலவும் குறையும். ஆனால் ஒவ்வொருவர் சரக்குக்கும் தனித்தனி இன்வாய்ஸ், இ-வே பில் வேண்டும்.

தேதியை விட்டால் எல்லாம் போச்சு

கப்பல் வருவதற்கு முந்தைய நாளுக்குள் பில் ஆஃப் என்ட்ரி தாக்கல் செய்ய வேண்டும் என்பது பொது விதி. 30 நாள் முன்பே கூட செய்யலாம். தாமதமானால் முதல் 3 நாளுக்கு தினமும் 5,000 ரூபாய், அதன் பிறகு தினமும் 10,000 ரூபாய். துறைமுகத்தில் சரக்கு கிடப்பதற்கான வாடகையும், கன்டெய்னரைத் திருப்பித் தர தாமதமானால் கப்பல் நிறுவனம் கேட்கும் டிடென்ஷனும் தனி. இலவச நாட்கள் எத்தனை என்பதை வாடகை பேசும்போதே கேட்டு வாங்கலாம். ஒப்பந்தத்துக்கு முன்பு ஏழு நாளைப் பதினாலாக்குவது பெரும்பாலும் ஒரு மின்னஞ்சலில் முடிகிற வேலை.