கல்லடிப் பாலமும் இரும்பின் இயல்பும்

பண்டைத் தமிழர் உலோகங்கட்கு இட்ட பெயர்கள் அவற்றின் தோற்றத்தைக் கண்டு இட்டவை. செந்நிறமுடையது செம்பு, வெண்ணிறமுடையது வெள்ளி. பொன் என்னுஞ் சொல் உலோகங்கட்குப் பொதுப்பெயராகவும் வழங்கியமையின், இரும்பு கரும்பொன் எனப்பட்டது. நிறம், பாரம், வலிமை முதலியன உலோகத்தின் பௌதிக இயல்புகள். காற்றோடும் நீரோடும் அது கூடி மாறுந்தன்மை இரசாயன இயல்பு. இவ்விரண்டையும் ஒருங்கே காணத்தக்க இடம் மட்டக்களப்பு வாவியின் மேல் நிற்கும் கல்லடிப் பாலமாகும்.

மட்டக்களப்பு நாட்டை எழுவான்கரை, படுவான்கரை எனப் பிரிப்பது இவ்வாவியே. புளியந்தீவிலே 1628இல் போர்த்துக்கேயர் கோட்டை அமைத்தமைக்கும், 1638இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றிப் பேணியமைக்கும் நாற்புறமும் சூழ்ந்த நீர் ஒரு காரணமாகும். அரணாயிருந்த நீர் போக்குவரத்துக்குத் தடையுமாயிற்று. 1918 முதல் 1925 வரை தேசாதிபதியாயிருந்த சேர் வில்லியம் மானிங் காலத்தில், 1924இல், நகரையும் கல்லடியையும் இணைத்து இரும்புச் சட்டப் பாலம் எழுந்தது. தேசாதிபதியின் மனைவியார் பெயரால் அது மானிங் சீமாட்டி பாலம் எனப்பட்டது.

பாலத்துக்கு இரும்பு வேண்டப்பட்டமை ஏன்? கல் அமுக்கத்தைத் தாங்கும். இழுவிசைக்கு ஆற்றாது பிளக்கும். உருக்கோ இரண்டையும் தாங்கும். அடித்தும் வளைத்தும் உருவமைக்க இடந்தரும். ஆயினும் வெயிலில் அது விரியும். நூறு மீற்றர் நீள உருக்குப் பத்துப் பாகை வெப்பம் ஏறின் ஏறக்குறைய 12 மில்லிமீற்றர் நீளும். ஆதலின் நீண்ட பாலங்களில் விரிவுக்கு இடைவெளி விடுதல் இன்றியமையாதது.

இனி, இரசாயன இயல்பை நோக்குவாம். இரும்பு தாதுவில் ஒட்சிசனோடு கூடியே கிடக்கின்றது. இலங்கையிற் சமனலவாவிப் பகுதியின் மலைச்சரிவுகளில், கி.பி. 7ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரை, தென்மேல் பருவக்காற்றால் இயங்கிய உலைகள் இருந்தமையை ஆய்வாளர் கில் ஜுலெவ் 1996இல் வெளியிட்டார். அவ்வுலைகளிற் கரி ஒட்சிசனைக் கவர்ந்துகொள்ள, இரும்பு தனித்துப் பிறந்தது. கறள் பிடித்தல் இச்செயலின் மறுதலையாகும். ஒட்சிசனும் நீரும் சேர, இரும்பு தன் பழைய நிலைக்கு மீள்கின்றது. உலையிற் பெருவெப்பத்தாற் பெற்றதை ஈரக்காற்று ஓசையின்றி மீட்டுக்கொள்கின்றது.

வாவியின் உவர்நீர் இச்செயலை விரைவுபடுத்தும். பாலமீன்மடு முகத்துவாரத்தின் வழியே கடல்நீர் புகுகின்றது. அதிலுள்ள குளோரைட்டு நீரின் மின்கடத்துந் திறனை மிகுத்து, காப்புப் படலத்தையும் சிதைக்கும். எப்போதும் நீருள் அமிழ்ந்த பகுதியினும், நனைந்தும் உலர்ந்தும் வரும் பகுதியே விரைந்து அழியும்; ஒட்சிசன் அங்கே தாராளமாகக் கிடைத்தலே காரணம்.

அலுமினியமும் ஒட்சிசனோடு கூடும். ஆனால் அதன் ஒட்சைட்டு மெல்லிய படலமாய் ஒட்டிநின்று உள்ளுலோகத்தைக் காக்கும். இரும்பின் கறளோ நுண்துளையுடையது. உதிர்ந்து புதுமுகத்தைக் காற்றுக்குக் காட்டும். ஆதலின் இரும்புக்குப் பிறர் காப்பு வேண்டும். நாகமுலாம் பூசின், கீறல் விழுந்தவிடத்தும் நாகம் முன்னர் அழிந்து இரும்பைக் காக்கும். வர்ணப்பூச்சு ஈரத்தையும் ஒட்சிசனையும் தடுக்கும். ஆயினும் உரிந்தவிடத்தை உடனே சுரண்டிப் பூசுதல் வேண்டும்.

2004 திசெம்பர் 26இல் ஆழிப்பேரலை கல்லடிக் கரையைப் பாழ்படுத்தியது. அதன் பின்னரும் பழைய பாலம் ஊர்திகளைச் சுமந்தது. 2013இல் அதன் அருகே புதிய பாலம் திறக்கப்பட்டமையின் அச்சுமை நீங்கியது. சுமை நீங்கினும் கறளின் தொழில் நீங்கவில்லை. பயன் குறைந்த பொருளிற் கவனமுங் குறைதல் உலகியல்பு; அங்கேயே ஆபத்து உளது. பூரணை இரவுகளில் மீனிசை கேட்க மக்கள் நாடிவந்த அப்பாலம், எழுப்பியவரின் திறமையால் மட்டும் நிலைபெறாது. ஆண்டுதோறும் சுரண்டிப் பூசும் எளிய தொழிலாளியின் கையே அதன் ஆயுளை அளக்கின்றது.