திண்டுக்கல் பூட்டும் என் சாவியும்

பூட்டு என்றாலே திண்டுக்கல் என்ற காலம் உண்டு. லீவரைக் கையாலேயே ராவிச் செய்தார்கள். 1957ல் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கமும் அமைந்தது. பிறகு அலிகாரிலிருந்து இயந்திரப் பூட்டு மலிவாக வந்தது. நாமும் அதையே வாங்கினோம், பட்டறைகள் குறைந்தன. 2019ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் குறியீடா பூட்டு செய்யும்? ஆள்தானே செய்யணும்!

ஆயக்குடியில் வீடு கட்டியபோது, கூடுதல் விலை கொடுத்துத் திண்டுக்கல் பூட்டே வாங்கினேன். "ஏமாந்துட்டியே தம்பி" என்றார் பக்கத்து வீட்டு அண்ணன். போன வருஷம் சாவி தொலைந்தது. பூட்டைச் செய்த பெரியவரே திறந்து, புதுச் சாவி ராவிக் கொடுத்தார். "என் பையன் இந்த வேலைக்கு வரலை தம்பி" என்றார்.

அடுத்த சாவிக்கு யாரிடம் போவேன்? எல்லாமே உள்ளூரில் வாங்கச் சொல்லவில்லை. பழுதுபார்க்க ஆள் தேவைப்படும் பொருளையாவது வாங்குவோமே!