கொத்தரிசியும் திறைசேரியும்

ஓர் அரசு தன் வருவாய்க்குத் தக்கபடி செலவைச் சுருக்குதல் வேண்டும் என்பது பொருளியல் நூல்கள் பலவும் கூறும் விதி. எச்செலவைச் சுருக்குவது, அதன் சுமை எவர் தலையில் இறங்குவது என்னும் வினாக்கள் எழும்போது அவ்விதி அரசியலாகின்றது. சுதந்திர இலங்கையில் அவ்வினாக்கள் பேருருக் கொண்டெழுந்தது ஒரு கொத்து அரிசியின் விலையைப் பற்றியே ஆகும். நெல் விளையும் வட்டைகளும் அரிசி வாங்கி உண்ணும் ஊர்களும் அடுத்தடுத்து அமைந்த கல்முனைக் கரையிலிருந்து அவ்வரலாற்றை நோக்கின், கொழும்பிலிருந்து நோக்குவார்க்கு எளிதிற் புலப்படாத சில செய்திகள் புலப்படும்.

1942இல் பர்மா ஜப்பானியர் கைப்பட்டதும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. பங்கீட்டு முறை நிலைபெற்றது. யுத்தம் முடிந்த பின்னரும் கூப்பன் அரிசி ஒழியவில்லை. வெளிநாட்டில் உயர்ந்த விலைக்கு வாங்கி உள்நாட்டிற் குறைந்த விலைக்கு விற்ற நட்டத்தைத் திறைசேரி ஏற்றது. கொரிய யுத்தத்தால் ஏறிய றப்பர் விலை 1952இல் வீழ்ந்தது. அரிசி விலையோ ஏறியது. அவ்வாண்டு இறுதியிற் சீனாவுடன் செய்யப்பட்ட றப்பர் அரிசி ஒப்பந்தம் ஓரளவு ஆறுதல் தந்ததேனும் திறைசேரியின் பற்றாக்குறையை நீக்கவில்லை.

1953 யூலையில் நிதியமைச்சர் ஜே. ஆர். ஜயவர்த்தனா மானியத்தை நீக்கினார். கொத்து 25 சதமாயிருந்த அரிசி 70 சதமாயிற்று. பாடசாலைப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கொடுக்கப்பட்ட பணிசும் நிறுத்தப்பட்டது. புகையிரதக் கட்டணமும் தபாற் கட்டணமும் உயர்ந்தன. ஆகஸ்ட் 12ஆம் நாள் இடதுசாரிக் கட்சிகள் அழைத்த ஹர்த்தால் மேற்கு, தென்மேற்குக் கரைகளை உலுக்கிற்று; துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் மாண்டன. மந்திரிசபை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலிற் கூடியது. ஒக்டோபரிற் பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி துறந்தார். பின்வந்த சேர் யோன் கொத்தலாவலை விலையை 55 சதமாகக் குறைத்தார்.

இனி, அன்று மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்பகுதியாயிருந்த கல்முனைக் கரையை நோக்குவோம். சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று ஆகிய ஊர்களின் வயல்வெளிகளுக்கு உத்தரவாத விலைத் திட்டம் என்னும் மற்றொரு மானியம் பாய்ந்துகொண்டிருந்தது. புசல் ஒன்றுக்கு 12 ரூபா கொடுத்து அரசாங்கம் நெல்லை வாங்கியது. ஆகவே, ஒரே திறைசேரி விளைவிப்பவனுக்கு ஒரு கையாலும் உண்பவனுக்கு மறுகையாலும் கொடுத்து நின்றது. 1953இல் வெட்டுண்டது உண்பவனுக்குக் கொடுத்த கை. சொந்த நெல்லைக் களஞ்சியத்தில் வைத்திருந்த போடியாரை 70 சத விலை வருத்தவில்லை. மருதமுனையில் தறியிலிருந்த நெசவாளிக்கும் சாய்ந்தமருதுக் கரையில் வலையிழுத்த கூலிக்கும் அஃது அவ்வாறன்று. வாரம் 5 கொத்து வாங்கும் குடும்பத்தின் அரிசிச் செலவு 1 ரூபா 25 சதத்திலிருந்து 3 ரூபா 50 சதமாயிற்று. வயலில் உழைத்தோர் யாவரும் தப்பினர் என்றுங் கொள்ளற்க; கடனுக்காகக் களத்திலேயே நெல்லை அளந்து கொடுத்த குத்தகைக்காரனுக்கு 12 ரூபா முழுதும் எட்டியதெனல் அரிது. சில மாதங்களின் பின் அவனும் சங்கக் கடை வாயிலில் நிற்க வேண்டியவனே.

1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தையும் ஈண்டு நினைத்தல் தகும். அதன் செலவு பயனை விஞ்சிற்று என 1970இல் வெளியான மதிப்பீட்டுக் குழு அறிக்கை கண்டது. பணிசை நிறுத்திய சிக்கனம் அணைக்கட்டை அணுகவில்லை. அவ்வணையின் நீர் இக்கரை வயல்களுக்கும் பாய்ந்தமையால், இங்குள்ளோர் அதைக் குறைகூற முன்வராமையும் இயல்பே.

ஹர்த்தாலின் நினைவு நெடுங்காலம் ஆட்சியாளரை அச்சுறுத்தியது. 1962இல் பங்கீட்டில் அரைக்கொத்தைக் குறைக்க முனைந்த பீலிக்ஸ் டயஸ் பண்டாரநாயக்கா, சொந்தக் கட்சியினரின் எதிர்ப்பால் நிதியமைச்சைத் துறக்க நேர்ந்தது. 1966இல் டட்லி சேனநாயக்கா வேறு வழி கண்டார்: 2 கொத்தை 1 ஆக்கினார், அவ்வொன்றை இலவசமாக்கினார். பாதி பறிபோயும் நாடு எழவில்லை. எனினும் 1970ஆம் ஆண்டுத் தேர்தலில் இழந்த கொத்தே எதிர்க்கட்சியின் வாக்குறுதியாயிற்று. வென்று நிதியமைச்சரானவர் 1953 ஹர்த்தாலின் தலைவர்களுள் ஒருவரான கலாநிதி என். எம். பெரேரா. 1973இல் உலக உணவு விலை ஏறியபோது அவர் காலத்திலேயே பங்கீட்டரிசி குறைக்கப்பட்டது.

1953இல் தோற்ற வேலையை முடித்தவர் ஜனாதிபதி ஜயவர்த்தனாவே. 1978இல் பங்கீடு மாதம் 300 ரூபாவுக்குக் குறைந்த வருமானமுடைய குடும்பங்களுக்கு மட்டுமாயிற்று. விலைப்பட்ட துணிக்கேற்பக் கூலி பெறும் நெசவாளிக்கும் அறுவடைக்கு மட்டும் வேலை கிடைக்கும் கூலியாளுக்கும் மாத வருமானம் என்பது எது என்ற வினாவை அவ்விதி எண்ணிற்றில்லை. 1979 செப்ரெம்பரில் அரிசிக்குப் பதிலாக உணவு முத்திரை வந்தது. கொத்துக் கணக்கு ரூபாய்க் கணக்காயிற்று. முத்திரையின் தொகை நிலைத்து நின்றது. கடையில் விலை ஏறியது. சில ஆண்டுகளில் அதன் வாங்கும் வலு ஏறத்தாழப் பாதியாயிற்று. விலையுயர்வை அறிவிக்க ஓர் அமைச்சர் எழுந்து நிற்க வேண்டியதில்லை. ஹர்த்தாலுக்கு நாள் குறிக்கவும் எவராலும் இயலவில்லை. 1980இற்குப் பின்னர் வறுமையுற்றோர்க்குப் பெயர் பதியப் பட்டியலில் இடமும் இருக்கவில்லை.